கோதை பார்த்த படங்கள்

ஜூன் 9

மாலைக் காட்சிக்குப் போனோம். முதலை ஒன்று ஊருக்குள் புகுந்து ஆட்களைத் தின்னும் படம். எங்கோ வெளிநாட்டில் எடுத்துத் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தலைவலி. கோதைக்கு ஒரே சந்தோஷம். "இதுல முதலை ஒண்ணுதானுங்க ஒழுங்கா நடிச்சிருக்குது" என்றாள். முன் வரிசை ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனவள் வெறுங்கையோடு வந்தாள். அவள் சொன்னது கடைக்காரருக்குப் புரியவில்லையாம். நான் போய் வாங்கி வந்தேன். அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு இருக்கும். நாளை பல் டாக்டர்.

ஜூன் 23

பல்லில் ஒன்றும் இல்லை. இரண்டாவது டாக்டரும் அதையே சொல்லிவிட்டார். நாக்குத்தான் சொன்னபடி கேட்கவில்லை, 'ல', 'ர' எல்லாம் ஒன்று போல வருகிறது. காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள்.

இன்று ஞாயிறு. காலையில் ஒரு சாமி படம், மத்தியானம் வங்கிக் கொள்ளை, சாயங்காலம் பிரெஞ்சுப் படம் ஒன்று. அதில் வயதான பெண்கள் இரண்டு பேர் ரொட்டி சுடுகிறார்கள். பேசிக்கொள்வதே இல்லை. கோதை மூன்றையும் ஒரே மாதிரி கால்மடக்கி உட்கார்ந்து பார்த்தாள்.

உங்கள் மனைவிக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று மின்வாரிய ஆபீசில் என்னைக் கேட்பார்கள். என்னால் சொல்ல முடிந்ததில்லை. பாம்பு பழிவாங்கும் படமும் பார்ப்பாள், பாட்டே இல்லாத ஜப்பான் படமும் பார்ப்பாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் லீவு போட்டுவிட்டுத் திரைப்பட விழாவுக்குப் போய், வந்த கையோடு என்னைப் பேய்ப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். "ஒரு படம் முச்சூடும் மோசமா இருக்கவே முடியாதுங்க. யாராச்சும் ஒருத்தர் ஒரு எடத்துல ஒழுங்கா வேலை பாத்திருப்பாங்க. அதைப் பாத்துட்டு வந்தாப் போதும்" என்பாள். காதல் படம் மட்டும் அவளுக்கு ஆகாது. எனக்கு அதுதான் பிடிக்கும். நான் கண்ணைத் துடைத்தால், "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?" என்று கேட்பாள்.

ஜூலை 15

நரம்பு டாக்டர் ஹேமலதா. நல்ல மாதிரி. தசையில் ஊசி குத்தி மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். எத்தனை மில்லிவோல்ட் என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும் நோய் என்றார். இவளுக்கு நாக்கிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அறிவுக்கு ஒன்றும் ஆகாது. கடைசி வரை எல்லாம் தெரியும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் சிங்காநல்லூரில் நிறுத்தி அரைக்கீரை வாங்கினோம்.

ஜூலை 16

போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 4

ஓசூரிலிருந்து தாரணி வந்திருக்கிறாள். மகள் வந்தால் வீடு வீடாக இருக்கிறது. அம்மாவின் போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள். தட்டினால் அது வாய்விட்டுப் படிக்கும். குரல் யாரோ வடக்கத்திப் பெண் தமிழ் படித்த மாதிரி இருக்கிறது. கோதை முதலில் தட்டியது: "இந்தப் பொண்ணுக்கு யாரு டப்பிங் வாய்ப்புக் கொடுத்தது?" மூன்று பேரும் சிரித்தோம். கோதை சிரித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் நிறுத்திய பிறகும்.

அந்தச் சிரிப்பும் நோயில் ஒரு பங்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிப்பு வந்தால் நிற்காது, அழுகையும் அப்படித்தான், மனதுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாடு குழைத்த சாதம், ரசம்.

ஆகஸ்ட் 20

வீட்டு இன்வெர்ட்டர் பழசு. பெரிய பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும்.

படம்: குங்ஃபூ. கோதைதான் தேர்ந்தெடுத்தாள்.

செப்டம்பர் 8

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

தியேட்டருக்குப் போக வேண்டும் என்று கோதை ஒரு வாரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நடை தள்ளாடுவதால் சக்கர நாற்காலி. காலைக் காட்சி என்றால் கூட்டம் குறைவு என்று கூட்டிப்போனேன். குடும்பப் படம். கோதை என் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டே பார்த்தாள். இடைவேளை வரை நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் படத்தில் வரும் அப்பா செத்துப்போகிறார். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். நானும் கண்ணைத் துடைத்தேன். அப்போது கோதை சிரிக்க ஆரம்பித்தாள். ஓங்கி, ஊளை மாதிரி. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "குடிச்சுட்டு வந்துட்டாங்களாட்ட இருக்குது" என்றான். இன்னொரு ஆள், "ஏம்மா, சாவு வீட்டுல இப்படித்தான் சிரிப்பியா?" என்று கத்தினார்.

நான் எழுந்தேன். முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்தும் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "என்ற சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லீங்க! சிரிப்பு தானா வருது! ஆருக்காச்சும் இஷ்டமில்லீன்னா எந்திரிச்சுப் போங்க!" என்று கத்தினேன். படத்தின் வெளிச்சம் என் சட்டை மேல் விழுந்திருக்க வேண்டும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

யாரும் எழுந்து போகவில்லை. கோதை சிரித்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். படம் முடிந்ததும், சாவு வீடு என்று கத்திய அந்த ஆளே வந்து நாற்காலியைச் சரிவுப் பாதையில் தள்ளிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் கோதை போனில் தட்டினாள். அந்த வடக்கத்திப் பெண் சொன்னது: "அந்த அப்பா நடிச்ச ஆளு நல்லா செத்தாருங்க. நான் உள்ளுக்குள்ள அழுதேன்."

அக்டோபர் 11

டாக்டர் ஹேமலதாவிடம் போனோம். மூச்சு இழுக்கும் அளவு குறைந்திருக்கிறது. இப்போதைக்கு ராத்திரியில் முகமூடி போட்டுக் காற்று கொடுக்கும் சிறிய இயந்திரம் போதும். பிறகு கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, வென்டிலேட்டரில் இணைக்கலாம். அதை வீட்டிலேயே வைத்துப் பல வருஷம் இருப்பவர்கள் உண்டு என்றார். "அது வேணுமா வேண்டாமான்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கறது நல்லது சார். அவசரத்துல முடிவெடுக்கக் கூடாது."

கோதை போனில் ஏதோ தட்டி, சத்தம் வராமல் டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறோம் என்றேன்.

அக்டோபர் 17

மின்சாரப் பெட்டியிலிருந்து கூடத்துக்குத் தனி லைன் இழுத்தேன். ஒரு ஃபேஸில் மின்சாரம் போனால் தானாக அடுத்ததுக்கு மாறும். அதுவும் போனால் இன்வெர்ட்டர். அதற்கும் மேலே ஒரு சிறிய ஜெனரேட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி ஊரே இருண்டாலும் எங்கள் கூடத்தில் மின்சாரம் இருக்கும்.

கோதை கட்டிலில் சாய்ந்து நான் ஸ்குரூ முடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு பாம்புப் படம் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. தாரணி வந்தாள். பால்கோவா ஊட்டினேன், புரையேறி முகம் நீலமாகிவிட்டது. தாரணிதான் முதுகில் தட்டி எடுத்தாள்.

படம் பார்க்கவில்லை.

நவம்பர் 21

வயிற்றில் குழாய் வைத்தாயிற்று. இனி கஞ்சி, சத்து மாவு எல்லாம் அதன் வழியாக. இதற்குக் கோதை உடனே சரி என்றாள். பார்த்தாயா, பயப்பட ஒன்றுமில்லை, அடுத்ததும் இப்படித்தான் இருக்கும் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். மயக்க மருந்தின் அசதி.

டிசம்பர் 14

தாரணியோடு சண்டை. வென்டிலேட்டர் வாடகைக்கு விடும் கடைக்காரரோடு நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டாள்.

"அம்மாகிட்டக் கேட்டீங்களாப்பா?"

"கேக்க என்ன இருக்குது அம்மிணி? மூச்சு வேணுமா வேண்டாமான்னு ஆராச்சும் கேப்பாங்களா?"

"அம்மா வேண்டான்னு எப்பவோ சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்டச் சொன்னாங்க, எங்கிட்டச் சொன்னாங்க. உங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி ஒயர் இழுத்துக்கிட்டே இருக்கீங்க."

"நீ ஓசூர்ல இருக்கறவ. இங்க கூட இருக்கறது நானு."

அவள் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

டிசம்பர் 15

தாரணி காலைப் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனாள்.

ஜனவரி 5

கோதையின் விரல்கள் போனில் நிற்பதில்லை. தாரணி ஒரு பிளாஸ்டிக் பலகை அனுப்பியிருக்கிறாள். எழுத்துகள் எல்லாம் வரிசையாக. நான் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும், அவள் கண் சிமிட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் மெய், பிறகு உயிர். 'கொ' வருவதற்குள் எனக்குக் கை வலிக்கிறது. தமிழில் இத்தனை எழுத்து எதற்கு என்று இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

ஒரு துப்பறியும் படம் பார்த்தோம். பாதியில் கோதை பலகையைக் கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சேர்த்து முடிப்பதற்குள் படமே முடிந்துவிட்டது. அவள் சொல்ல வந்தது: டிரைவர்தான் கொலைகாரன். சரிதான். டிரைவர்தான்.

ஜனவரி 19

மத்தியானம் கஞ்சி கொடுத்து முடித்ததும் கண்ணால் பலகையைக் காட்டினாள். எடுத்தேன். வெகு நேரம் பிடித்தது. எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். "கழுத்துக் குழாய் வேண்டாம்."

"கோதை, அதுல ஒண்ணுமில்லை. எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கறேன். கரண்டு ஒரு நிமிசம்கூடப் போகாது. நீ பாட்டுக்குப் படுத்துட்டு ஒலகத்துல இருக்கற படமெல்லாம் பாக்கலாம். தெனமும் ஒண்ணு. நான் போட்டு விடறேன்."

அவள் மறுபடியும் பலகையைப் பார்த்தாள். "உங்களுக்காகவா?"

நான் தாளை மடிக்கப் போனேன். அவள் விடவில்லை. "நீங்க பாக்கறதுக்கா என்னை வெச்சுக்கப் போறீங்க?"

இதை எழுத்துக்கூட்டியது நான்தான். ஒவ்வொரு எழுத்தையும் என் விரல்தான் தேடிக் கண்டுபிடித்தது. முழுதாகச் சேர்த்துப் படித்ததும், "ஆமா" என்றேன். "ஆமா கோதை, அதுக்குத்தான். அது தப்பா?"

அவள் அழ ஆரம்பித்தாள். தோளெல்லாம் குலுங்கியது. மூச்சு முட்டுமோ என்று எனக்குப் பயம். முகத்தைத் துடைத்து, "இது சீக்குனால வர்ற அழுகை கோதை, டாக்டர் சொன்னாங்கல்ல, மனசை வேற பக்கம் திருப்பு, படம் போடட்டுமா?" என்றேன்.

அழுதுகொண்டே பலகையைப் பார்த்தாள். கண்ணீர் மறைத்ததால் எங்கே சிமிட்டுகிறாள் என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்து வந்தேன்.

"இது நான்."

அவ்வளவுதான். பலகையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன். கட்டில் ஒருவருக்கானது. அப்படியே கிடந்தோம்.

ஜனவரி 20

அக்டோபரில் கோதை டாக்டரிடம் தட்டிக் காட்டியது என்ன என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கார் நிறுத்துமிடத்தில் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். "கழுத்தில் ஓட்டை வேண்டாம். என் வீட்டுக்காரர் தாங்க மாட்டார். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்று இருந்தது.

தாரணிக்குப் போன் செய்தேன். "நீ சொன்னது சரி அம்மிணி" என்றேன். அவள், "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 3

டாக்டரிடம் கோதையையும் வைத்துக்கொண்டு சொன்னேன். வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று. சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, கோதையைத்தான் பார்த்தேன். மூச்சுத் திணறாமல், பயம் வராமல் இருக்க மருந்து இருக்கிறது, வீட்டுக்கு நர்ஸ் வந்து சொல்லித் தருவார் என்றார் டாக்டர். "கஷ்டப்பட விட மாட்டோம் சார்."

கோதை அவருக்குக் கண் சிமிட்டினாள். நான் வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 16

தாரணி லீவு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோதை முகமூடி இல்லாமல் கொஞ்ச நேரம்தான் இருக்கிறாள்.

இன்று என்ன படம் போடட்டும் என்று கேட்டேன். பேயா, சண்டையா, சாமியா, துப்பறிவதா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று கண்ணை மேலே தூக்கினாள். பலகையில் ஒரே சொல். "காதல்."

"ஆருக்கு? உனக்கா?" என்றேன். என்னைக் காட்டினாள். கண்ணால்தான்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் தனியாக எத்தனையோ தடவை பார்த்த படம். அவள் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. இன்று பார்த்தாள். ரயில் நிலையத்தில் பிரியும் காட்சியில் நான் அடக்கமாட்டாமல் அழுதேன். அவள் பக்கம் திரும்பவே எனக்குப் பயம். திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது.

தாரணி, "எப்படிம்மா படம்?" என்று பலகையை நீட்டினாள். கோதை ரொம்ப மெனக்கெட்டுச் சொன்னது: "நீளம்."

மார்ச் 4

காலையில் நர்ஸ் வந்து மருந்தின் அளவைக் கூட்டினார். பயப்படாதீர்கள், தூக்கமாக இருப்பார்கள் என்றார். தாரணி மருந்துக் கடைக்குப் போனாள். கோதை விழித்துத்தான் இருந்தாள். குங்ஃபூ படம் போடச் சொன்னாள். போட்டுவிட்டுக் கஞ்சி கலக்க அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது குருவும் சீடனும் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தார்கள். எதிரியின் ஆட்கள் பத்துப் பேர் மூங்கிலோடு துரத்துகிறார்கள். சின்னப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று பார்த்தேன். நல்ல சண்டை. கடைசிக் கூரையிலிருந்து குரு கீழே இறங்கும் விதம் அவ்வளவு லேசாக இருந்தது. "கோதை, இந்த எடத்துல ஒழுங்கா வேலை பாத்திருக்கறாங்க" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டுத்தான் அவளைப் பார்த்தேன்.

மார்ச் 5

எல்லாம் முடிந்தது. ஆத்துப்பாலம் மயானம்.

மார்ச் 22

கூடத்தில் இழுத்த தனி லைனைத் தாரணி கழற்றச் சொல்லவில்லை. நானும் கழற்றவில்லை.

ஏப்ரல் 13

நாளை தமிழ் வருஷப் பிறப்பு. தாரணி ஓசூருக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் ஆகிறது. தினமும் போன். "வெளியே போங்கப்பா. ஒரு படத்துக்காச்சும் போங்க. அம்மா இருந்தா வீட்டுல உக்கார விட்டிருப்பாங்களா?" இன்று போய் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சட்டை மாற்றிக்கொண்டு பைக்கில் போனேன். லீவு நாள் கூட்டம். வரிசையில் நின்று என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண், "எந்தப் படம் சார்?" என்று கேட்டாள்.

தலைக்கு மேலே பலகையில் ஆறோ ஏழோ படங்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பேய், ஒரு போலீஸ், குழந்தைகள் படம் ஒன்று, ஏதோ கொரியாக்காரர் படம். படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"எதோ ஒண்ணு குடும்மா."

"எதோ ஒண்ணுன்னா எது சார்? இப்ப ஆரம்பிக்கறதுல மூணு இருக்கு. உங்களுக்கு என்ன மாதிரிப் படம் புடிக்கும், சொல்லுங்க?"

நல்ல பெண். முகத்தில் கொஞ்சம்கூட எரிச்சல் இல்லை. பின்னால் நின்றவர், "பெரியவரே, சீக்கிரம் சொல்லுங்க, படம் போட்டுருவாங்க" என்றார். நான் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன். அவருக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக்கும். அதற்குப் பின்னால் நின்ற இரண்டு காலேஜ் பெண்களுக்கும்.

பைக் நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமர நிழல் இருந்தது. காட்சி முடிந்து கூட்டம் வெளியே வரும் வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்களோடு கலந்து நானும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே தாரணியின் போன்.

"போனீங்களாப்பா? படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அம்மிணி."

"என்ன கதை? சொல்லுங்க."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.